ரெண்டு போனுக்குப் போன தட்டு

அக்கா,

இன்றைக்கு மதியம் ஒரு மணிக்கு என் போன் வழக்கம்போல டிங் என்றது. எடுத்துப் பார்த்தால் ஒரு படம். ‘போன வருடம் இதே நாளில் நீங்கள் சாப்பிட்டது’ என்று மேலே எழுதியிருந்தது. எவர்சில்வர் தட்டில் ஒரு உருண்டை ராகிக் களி, கொள்ளுப் பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், வட்டம் வட்டமாகக் கேரட். தட்டின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல். நூல் வெட்டும் கத்திரி வருடக்கணக்காக உரசிக் காய்த்துப்போன விரல்.

அது என் விரல் இல்லை. தட்டும் என் தட்டு இல்லை. அதைச் சாப்பிட்டதும் நான் இல்லை. ஆனாலும் போன் என்னைப் பார்த்து, அருமை, இதேபோல் தொடருங்கள் என்கிறது. எப்படித் தொடர்வது? நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள்.

சொல்வதற்கு ஏகப்பட்ட ஊர்க்கதை சேர்ந்து கிடக்கிறது. ஃபினிஷிங் மேனேஜர் தலைக்குச் சாயம் போட்டு, அது காதில் இறங்கிய கதை ஒன்றே ஒரு மணி நேரம் ஓடும். ஆனால் முதலில் இந்தத் தட்டு விவகாரத்தைப் பேசிவிடுவோம். இதில் யார் யாரை ஏமாற்றினோம் என்று எனக்கே பிடிபடவில்லை.

நம் பனியன் கம்பெனியில் மெடிக்கல் கேம்ப் போட்ட அன்றுதான் எனக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. உங்களுக்கு அது பத்து வருடப் பழக்கம். நம் இருவரையும் ஒரே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் ஒருவர், டயட் மேடம் ஒருவர், போதாதற்குப் போனில் ஓர் ஆப். தினமும் மதியத் தட்டைப் படம் எடுத்து அதில் போட வேண்டும். அது பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பொட்டு வைக்கும். அந்தப் படங்களையெல்லாம் டயட் மேடம் பார்ப்பார்கள். மாதம் ஒரு தடவை நேரில் போனால், எதைக் குறைக்க வேண்டும், எதைக் கூட்ட வேண்டும் என்று உட்கார வைத்துச் சொல்வார்கள். என் மகள் வயதுதான் இருக்கும். கண்ணாடி போட்ட, பொறுமையான பெண்.

அங்கேதான் என் புத்தி வேலை செய்தது. உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் செக்கிங் டேபிளில் எத்தனை அப்ரூவல் சாம்பிள் வந்து போயிருக்கிறது. கைதேர்ந்த டெய்லராகப் பார்த்து ஒரே ஒரு பீஸைப் பொறுமையாகத் தைக்கச் சொல்லி, பிசிறு வெட்டி, தேய்த்து, தாலாட்டாத குறையாக மடித்து, சரக்கு வாங்குகிற பையருக்கு அனுப்புவோம். அவன் ஓகே சொல்லி சீல் வைத்த பிறகு ஆயிரக்கணக்கில் பல்க் ஓடும். பல்க் என்ன லட்சணத்தில் வரும் என்பது ஆண்டவருக்கும் செக்கிங் செக்ஷனுக்கும் மட்டுமே வெளிச்சம். இருபது வருடம் இதே பிழைப்பில் இருந்தவளிடம், தட்டைப் படம் எடுத்து அனுப்பு, பார்த்து ஓகே சொல்கிறேன் என்றால் அவள் என்ன நினைப்பாள்? நான் டயட் மேடத்தைப் பையர் என்று நினைத்துவிட்டேன்.

முதல் நாள் என் டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் இருந்தன. பக்கத்தில் பேக்கரிப் பொட்டலத்தில் தேங்காய் பன் ஒன்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. போன் டிங் என்றது. எனக்குக் கை வரவில்லை. எதிரே உங்கள் தட்டு, கல்யாணப் பெண் மாதிரி. எட்டி ஒரு படம் எடுத்தேன்.

“ஏனுங் கண்ணு, என்ற தட்டைப் புடிக்கறீங்க?”

“சாம்பிளுக்கு எக்கா. இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்.”

நீங்கள் சிரித்த சிரிப்பில் கொள்ளுப் பருப்பு புரையேறியது. என் தலையில் இரண்டு தட்டுத் தட்டுவீர்கள் என்று பார்த்தால், தட்டை வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்துக் கொடுத்தீர்கள். அன்றோடு சாம்பிள் முடிந்தது, பல்க் தொடங்கியது. பதினான்கு மாதம். தினமும் ஒரு மணிக்கு உங்கள் தட்டை முதலில் உங்கள் போன் பார்க்கும், அப்புறம் என் போன் பார்க்கும். பசியோடு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்து கேட்பீர்கள்: “எடுத்தாச்சுங்களா? இனி நாஞ் சாப்படலாமுங்களா?”

தூத்துக்குடிப் பக்கத்துக்காரிக்கு இந்த ‘ங்க’ பழகவே பல வருடம் ஆனது. திட்டும்போதுகூட மரியாதை கொடுத்துத் திட்டுகிற ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் ஊரில் கொஞ்சும்போதே சண்டை போடுவது மாதிரி இருக்கும்.

அந்த ஆப்பின் அறிவைப் பற்றி நாம் சிரித்தது கொஞ்சமா? முதல் வாரத்தில் உங்கள் களியைப் பார்த்து அது சாக்லேட் கேக் என்று எழுதிச் சிவப்புப் பொட்டு வைத்தது. உங்கள் முகம் வெளிறிப்போனது. பத்து வருடமாகத் தொடாத சாமானைத் தின்றதாக எவனோ எழுதிவைக்கிறான் என்று அன்று சரியாகச் சாப்பிடவே இல்லை. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டயட் மேடத்திடம் முதல் பேச்சே அதுதான்: “நான் கேக்குத் திங்கலீங்க சாமி, அது களிங்க.” மேடம் சிரித்துவிட்டு, அதற்குப் படம்தான் தெரியும், தட்டைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் நான் இருக்கிறேன் என்று தன் கையாலேயே மாற்றினார்கள். களியைக் கைப்பிடி அளவுக்குக் குறைத்து, காயை இரண்டாக்கச் சொன்னதும் அன்றுதான். நீங்கள் அட்சரம் பிசகாமல் செய்தீர்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கிற ரத்தப் பரிசோதனையில் உங்கள் எண் இறங்கியது. என் எண் ஏறியது.

ஏறாமல் என்ன செய்யும் என்கிறீர்களா? நான் உண்மையில் தின்றதை நீங்கள் அறிவீர்கள். ஊரிலிருந்து வந்த மக்ரூன், பல்லடம் ரோட்டுப் பரோட்டா, கருப்பட்டி மிட்டாய். கருப்பட்டி சர்க்கரையில் சேராது என்பது எங்கள் ஊர்ச் சட்டம். ஆனால் ஆப்பில் என் பெயருக்குக் கீழே தொண்ணூறு நாள் தொடர்ந்து பச்சை. ஒரு நட்சத்திரம் கொடுத்து, நீங்கள் மற்றவர்களுக்கு வழிகாட்டி என்றுகூட எழுதியது. வெட்கமில்லாமல் அதை என் தங்கைக்கு அனுப்பிவைத்தேன்.

உங்கள் நாத்தனார் மகள் கல்யாணம் ஞாபகம் இருக்கிறதா? அவிநாசி மண்டபத்தில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தோம். பெண்ணைப் பெற்றவர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டார் என்று நீங்கள் அரை லட்டு தின்றீர்கள். தின்பதற்கு முன்னால் அந்த அரை லட்டைப் படம் பிடித்து அனுப்பவும் செய்தீர்கள். பச்சையாகவே வந்துகொண்டிருந்த உங்கள் கணக்கில் மஞ்சள் விழுந்தது. நான் நாலு லட்டு தின்றேன். அனுப்பியது முந்தின வாரத்து உங்கள் களி. எனக்குப் பச்சை. அதைக் காட்டி உங்களைக் கேலி வேறு செய்தேன். நீங்கள் கோபப்படவில்லை, மஞ்சளும் மங்களகரமான நிறம்தானுங்களே என்றீர்கள்.

ஏன் என்னைத் தடுக்கவில்லை என்று இப்போதும் யோசிக்கிறேன். சிரிப்புக்காகவா? எனக்கு மனம் நோகக் கூடாது என்றா? தெரியவில்லை அக்கா.

என் ரிப்போர்ட்டைப் பார்த்து டயட் மேடம் குழம்பிப் போனார்கள். சாப்பாடு இவ்வளவு சரியாக இருக்கிறது, எண் மட்டும் இறங்க மாட்டேன் என்கிறது. அப்படியென்றால் மாத்திரை பத்தவில்லை என்று டாக்டர் முடிவு செய்து ஏற்றிக் கொடுத்தார். எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி வந்தது. மாத்திரை ஏற்றிய மறுநாள், இனி ஒழுங்காக இருப்போம் என்று டப்பா எடுத்து வராமல், உங்கள் தட்டிலிருந்து பாதிக் களியையும் கொஞ்சம் காயையும் வாங்கி உண்மையாகவே சாப்பிட்டேன். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் யோக்கியமாகச் சாப்பிட்ட ஒரே மதியம் அது.

மூன்று மணிக்கு டேபிளில் இருந்த டீ சர்ட்டெல்லாம் மங்கலாகத் தெரிந்தது. கை நடுங்கியது, முதுகில் வேர்வை ஊற்றியது. அட்டைப்பெட்டி அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டேன். மற்றவர்கள் தண்ணீர் தெளிக்க ஓடினார்கள். நீங்கள் மட்டும் டீ கேனுக்குப் பக்கத்தில் இருந்த சர்க்கரை டப்பாவை எடுத்து வந்து, தம்ளரில் கரைத்து, மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தீர்கள். சர்க்கரையைக் கண்டால் விலகிப் போகிற உங்கள் விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. எனக்குத் தெளிந்த பிறகு யாருக்கும் கேட்காத குரலில் சொன்னீர்கள்.

“மாத்திரைக்கு உங்க போட்டோ தெரியாதுங் கண்ணு. நீங்க ஒளிச்சுத் தின்ன பரோட்டாவோட சண்டை போடறதுக்கு அதைப் பெருசு பண்ணிப் போட்டாங்க. இன்னைக்குப் பரோட்டா இல்லீங்க, அது உங்களோடவே சண்டை போட்டுருச்சு.”

டாக்டர் படித்துப் படித்துச் சொல்ல வேண்டியதை நூல் வெட்டுகிற அக்கா ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். ஆனாலும் மேடத்திடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழையபடி பரோட்டாவுக்கே போனேன், மயக்கம் வராதே என்ற தைரியத்தில். அடுத்த ரிப்போர்ட்டும் ஏறித்தான் வந்தது. இனி ஊசிதான் என்று பேச்சு வந்தது. அந்தச் சனிக்கிழமை வேன் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகிற நாள், நீங்களும் கூட வருவதாகச் சொன்னீர்கள்.

“சொல்லிப்போடுங்க. நானும் தட்டைத் திருப்பித் திருப்பி வெச்சவதானுங்களே. ரெண்டு பேருமே வாங்கிக் கட்டிக்கலாம்.”

சரி என்றேன். எக்கா மேல சத்தியம் என்றுகூடச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் துணி காயப்போட்டுவிட்டு, சித்த நேரம் உட்கார்றேன் என்று உட்கார்ந்தவர் எழவில்லை. நெஞ்சு என்றார்கள். வலிகூட வந்திருக்காது, சர்க்கரைக்காரர்களுக்குச் சில சமயம் அப்படித்தான் என்று யாரோ சொன்னார்கள். களியும் கேரட்டும் தின்றவர் போய்விட்டார், நாலு லட்டுத் தின்றவள் மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன். இதை எந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாலும் தையல் நேராக வரவில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, ஆப்புக்கும் படம் அனுப்பவில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கு வந்திருந்தேன். நான் மாதா கோயிலுக்கும் திருப்பலிக்கும் போகிறவள், உங்கள் வீட்டுச் சடங்கில் எங்கே நிற்க வேண்டும், எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்றே தெரியாது. உங்கள் படத்துக்கு முன்னால் தலைவாழை இலை போட்டிருந்தார்கள். அதில் ஜிலேபி, லட்டு, மைசூர்பாகு, தேங்காய் பன், அதிரசம், பால்கோவா, தம்ளர் நிறையச் சர்க்கரை போட்ட காபி. எனக்குச் சுருக்கென்றது. யாருடைய இலையையோ தவறி உங்கள் முன்னால் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, உங்கள் மகளிடம் மெல்லக் கேட்டேன்.

“அம்மாவுக்குப் புடிச்சதைத்தான் வெக்கோணுமுங் அத்தை. பத்து வருசம் ஒண்ணையும் தொடலீங்க. இன்னைக்கு யாரும் அளந்து பாக்க மாட்டாங்க, நல்லாச் சாப்பிடட்டும்.”

உங்களுக்கு ஜிலேபி பிடிக்கும் என்பதே எனக்குத் தெரியாது அக்கா. வருடக்கணக்காக எதிரே உட்கார்ந்து தின்றிருக்கிறேன். ஒரு நாள்கூட உங்கள் கண் என் பொட்டலத்தின் பக்கம் ஓடவில்லை. ஓடியிருக்குமோ? நான்தான் பார்க்கவில்லையோ?

அப்போது போன் டிங் என்றது. மணி ஒன்று. எதிரே உங்கள் தட்டு. என் கை எனக்குத் தெரியாமலே போனை எடுத்தது, பிடித்தது, அனுப்பியது. பதினான்கு மாதப் பழக்கம். கற்பூரப் புகைக்கு நடுவே போனில் சிவப்புப் பொட்டு, அதற்குக் கீழே எழுத்து: ‘உங்கள் உணவில் இனிப்பு மிக அதிகம். இன்று ஏதேனும் விசேஷமா?’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக் குனிந்தேன். தோள் குலுங்குவதைப் பார்த்து உங்கள் வீட்டுப் பெண்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து, அழாதீங்க அழாதீங்க என்று முதுகைத் தடவினார்கள். பாதியில் அது அழுகையாகவும் ஆகிவிட்டது. எந்த இடத்தில் மாறியது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்த உங்கள் மகள், என்னைத் தேற்றுவதாக நினைத்து இன்னொன்றும் சொன்னாள். காலையில் வேனுக்கு நேரமாகிவிடும் என்று கத்தினாலும் நீங்கள் கேரட்டை வட்டமாகத்தான் வெட்டுவீர்களாம். எதற்கம்மா இந்த மெனக்கெடல் என்றால், ரெண்டு போனுக்குப் போற தட்டு கண்ணு என்பீர்களாம்.

மறுநாள் டயட் மேடம் போன் செய்தார்கள். உங்களுடைய விஷயம் அவர்களுக்கு அப்போதுதான் தெரிந்திருந்தது. துக்கத்தில் இனிப்பு சாப்பிடுவது எல்லோருக்கும் வருவதுதான், வருத்தப்பட வேண்டாம், ஆனால் ஏற்கெனவே எண் அதிகம், டாக்டர் ஊசியை இந்த வாரமே தொடங்கலாம் என்கிறார், வர முடியுமா என்று கேட்டார்கள். நடுங்கிய மதியம் என் கண் முன்னால் வந்தது. உங்கள் பிசுபிசுத்த விரல் வந்தது.

“மேடம், அது என் இலை இல்ல. எக்காவுக்குப் படைச்ச இலை.”

“ஓ. சாரிம்மா. அப்ப நேத்து உங்க சாப்பாடு?”

“நேத்து மட்டும் இல்ல மேடம். பதினாலு மாசமா நான் அனுப்புனது பூரா அவங்க தட்டு.”

அந்தப் பக்கம் ஃபைலைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னார்கள்: “ரெண்டு பேருக்கும் ஒரே தட்டு வர்றதைப் பாத்திருக்கேன்ம்மா. ஒருத்தர் சமைச்சு ரெண்டு பேரும் பகிர்ந்து சாப்பிடுறீங்கன்னு நினைச்சேன். உங்க ரெண்டு பேர் ஃபைல்லயும் ‘நல்ல துணை’ன்னு எழுதி வச்சிருக்கேன்.”

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பையர் என்று நினைத்த பெண், நம்மைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஊசியை நிறுத்தி வைத்தார்கள். ஆனால் மாத்திரையை என்ன செய்வது என்று முடிவெடுக்க, இத்தனை நாளாக உண்மையில் என்ன சாப்பிட்டேன் என்று டாக்டருக்குத் தெரிய வேண்டுமாம். ஆப் வேண்டாம், நோட்டில் கையால் எழுதுங்கள், ஞாபகம் இருக்கிற வரைக்கும் போதும், கடைசி மாதத்திலிருந்து பின்னால் போங்கள் என்று மேடம் சொன்னார்கள். நாள், உணவு, அளவு என்று மூன்று கட்டம்.

உட்கார்ந்தேன். ஒன்றும் வரவில்லை. ஒரு பொய்யை ஆயிரம் வாட் விளக்கில் காட்டினால் உண்மை இருட்டில்தானே கிடக்கும். நான் என்ன தின்றேன் என்று தெரிந்த ஒரே ஆள் நீங்கள். கேட்கலாம் என்றால் உங்கள் இடத்தில் ஒடிசாப் பெண் ஒருத்தி உட்கார்ந்து நூல் வெட்டுகிறாள். நல்ல பெண். என் டப்பாவை எட்டிப் பார்ப்பதே இல்லை.

இரண்டு நாள் நோட்டு வெறுமனே கிடந்தது. மூன்றாம் நாள் பரோட்டாக் கடை வாசலைத் தாண்டும்போது ஒரு பேச்சு காதில் விழுந்தது. பொட்டலத்தைப் பிரிக்கும்போது நீங்கள் சொன்னது: ‘ரெண்டுதான்னீங்க, உள்ள நாலு பேரு படுத்திருக்கறாங்களே கண்ணு.’ அப்படியென்றால் அன்று பரோட்டா, நாலு. ஓடிவந்து எழுதினேன். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது: ‘மழை பேஞ்சா பஜ்ஜி திங்கோணும்னு யாருங்க எழுதிவெச்சது?’ அன்று மழை, பஜ்ஜி. ‘டப்பாவோட அடி தெரியுதுங்க, சித்த விட்டு வெக்கக் கூடாதுங்களா?’ மக்ரூன், முழு டப்பா. தின்றது ஒன்றுகூட என் நினைவில் இல்லை. நீங்கள் சொன்னது ஒன்றுகூட மறக்கவில்லை. உணவுக் கட்டத்தில் உணவை எழுதினேன். அளவு எனக்கு நிச்சயமாகத் தெரியாததால், அளவுக் கட்டத்தில் நீங்கள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

போன சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன். மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்கள். ஒரு பக்கம் திருப்பினார்கள். இரண்டாம் பக்கத்தில் உதடு துடித்தது, சிரிப்பா என்னவென்று தெரியவில்லை.

“அளவுல என்னம்மா இது? யார் பேசுறாங்க?”

“அளந்தவங்க மேடம்.”

மேடம் நோட்டை மூடி என் கையில் கொடுத்தார்கள். இது போதும், மீதியையும் இப்படியே எழுதிக் கொண்டுவாருங்கள் என்றார்கள். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்கிறார்கள். நானும் இப்போது என் சொந்தத் தட்டைத்தான் அனுப்புகிறேன். பாதி நாள் மஞ்சள், ஒரு நாள் சிவப்பு.

நோட்டில் ஆறு மாதம் முடிந்திருக்கிறது அக்கா, இன்னும் எட்டு மாதம் பாக்கி. தினமும் ஒன்று, இரண்டு என்று உங்கள் பேச்சு வந்துகொண்டுதான் இருக்கிறது. சீக்கிரம் எழுதி முடியுங்கள் என்கிறார்கள் மேடம். முடித்துவிட்டால் அப்புறம் எதைத் தின்று உங்களை வரவழைப்பது என்பதுதான் எனக்குப் புரியவில்லை.